இரண்டு விரல் காட்டினால் ஒரு நிமிடம்

இப்போதெல்லாம் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க யாரும் கை உயர்த்துவதில்லை. கைத்தொலைபேசியில் தட்டி அனுப்புகிறார்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய திரையில் அது வந்து விழுகிறது. பிடித்த கேள்விக்கு மற்றவர்கள் இதயக்குறி போடுகிறார்கள். அதிகம் இதயம் வாங்கிய கேள்விக்குப் பேச்சாளர் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். நான் ஓய்வு பெற்ற கிழமை, என்னோடு வேலை செய்த இளம் பெண்கள் கேக் வெட்டினார்கள். திரை இல்லாத காலத்தில் சனத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கேக் துண்டு முடிவதற்குள் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கவைக்கவே சில வருடங்கள் பிடித்தன. ஒஸ்லோவின் கிழக்கே, புருசெத்துக்குப் பக்கத்தில், நகரசபை நடத்தும் ஒரு கலாசார மண்டபத்தில் பொதுச் சொற்பொழிவுகளும் கலந்துரையாடல்களும் நடக்கும். சமயம், பண்பாடு, அரசாங்கம் கொண்டுவரும் சட்டதிட்டம் என்று எதைப் பற்றியும் நடக்கும். வருகிறவர்களைப் பேச விடுவதும், போதும் என்று நிறுத்துவதும் என் வேலை. நோர்வேஜிய மொழியில் அதற்கு ‘ஊர்ஸ்தூரர்’ என்று பெயர். அவர்களுடைய மொழியில் ‘ஊர்’ என்றால் சொல். எங்கள் சனம் அதைத் தமிழ் ஊர் என்றே எடுத்துக்கொண்டது. கோயிலில் ஒருவர் என்னிடம் வந்து, “தங்கச்சி, நீங்கள் எந்த ஊருக்குப் பொறுப்பு?” என்று மரியாதையோடு கேட்டார்.

நான் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம், பிறகு ஒஸ்லோவில் ஒரு பாலர் பாடசாலையில் நெடுங்காலம் வேலை செய்தேன். மாலையில் மொழி வகுப்பு. மண்டபத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, கூட்டம் நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். பாலர் பாடசாலையில் நாலு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கைகழுவப் பண்ணியிருக்கிறேன் என்றேன். மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த பெரிட் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வேலை கிடைத்தது.

பெரிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் நெடுங்காலம் தொழிற்சங்கத் தலைவியாக இருந்தவர். நெடிய உருவம், கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கம்பளி நூலால் காலுறை பின்னிக்கொண்டிருப்பார். தலை நிமிராது. ஆனால் முழுக் கூட்டத்தையும் அந்த ஊசிகளை வைத்தே அவர் நடத்தினார். பேச்சு உயிரோடு போனால் ஊசிகள் வேகமாக ஓடும். ஒருவர் சுற்றி வளைக்கத் தொடங்கினால் ஊசிகள் நிற்கும். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்தச் சின்னச் சத்தம் நிற்பது மேடையிலிருந்த எனக்குக் கேட்கும். கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது ஒரே ஒரு குறை சொல்வார். பாராட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

விதிகள் எளிமையானவை. பேச விரும்புகிறவர் கை உயர்த்தவேண்டும். பெயரை எழுதிக்கொள்வேன். முறை வரும்போது மூன்று நிமிடம். இப்போது பேசி முடித்தவருக்கு உடனே பதில் சொல்லவேண்டுமென்றால் இரண்டு விரல் காட்டவேண்டும். அவர் முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நிமிடம்தான், அதுவும் கேட்ட பேச்சைப் பற்றி மட்டும்தான். நோர்வேக்காரருக்கு இது பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடும். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிவைக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் முதன்முதல் நடத்திய கூட்டத்தில் ஒரு பாதிரியார் மறுபிறப்பைப் பற்றிப் பேசினார். அவர் உட்காரவும், முன்வரிசையில் கனகலிங்கம் மாஸ்டர் எழுந்து நான்கு விரலைக் காட்டினார். மாஸ்டர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே பிள்ளைகளிடம் வந்து சேர்ந்து, கோயில் நிர்வாகத்தில் இருந்தார். நான்கு விரலுக்கு என்ன விதி என்று எனக்குத் தெரியவில்லை. பெரிட்டைப் பார்த்தேன். அவர் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசச் சொன்னேன். தனக்கு நாலு விசயம் இருக்கிறது என்று மாஸ்டர் தொடங்கினார். முதலாவது விசயம் ஆன்மா என்றால் என்ன என்பது. அது போய்க்கொண்டே இருந்தது. ஊசிகள் நின்றன. நான் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினேன்.

மாஸ்டர் என்னைக் கனிவோடு திரும்பிப் பார்த்தார். “கொஞ்சம் பொறும் பிள்ளை, இன்னும் முதலாவதே முடியேல்லை.”

கோப்பி ஆறி, வாஃபிள் சப்பென்று ஆன பிறகுதான் நாலாவது விசயம் முடிந்தது. நோர்வேக்காரர், அவர் இரண்டாவது பேச்சாளராக்கும் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். மாஸ்டர் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். அன்று கோப்பை கழுவும்போது பெரிட் சொன்ன குறை, அடுத்த முறை எழுந்து நில் என்பது. தலைமை தாங்குகிறவர் எழுந்தால் பேசுகிறவர் உட்காரத்தான் வேண்டுமாம். அடுத்த முறை எழுந்தேன். நான் எழுந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. என் உயரம் அப்படி. அதன்பிறகு பெரிட் எங்கிருந்தோ ஒரு மர முக்காலி கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போய், ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு விரல் விதியை விளங்கப்படுத்தினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மனுசன் என்னத்தைச் சொல்லலாம் என்று மாஸ்டர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டது.

இனி நான் சொல்ல வந்த கூட்டத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் கோயில், பழைய தொழிற்பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. முதல் வருடம் சாமியை ஒரு சிறிய சகடை வண்டியில் வைத்து, பக்கத்து மாடிக் குடியிருப்புகளைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். நாதஸ்வரம், தவில், காவடி, வழிநெடுகத் தேங்காய். அடுத்த வருடத்துக்கு உண்மையான தேரே வேண்டும் என்று தீர்மானித்து, இலங்கையில் செய்வித்துக் கப்பலிலும் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு அனுமதி கேட்டார்கள். முதல் வருட ஊர்வலத்தைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது, முதலில் பொதுக்கூட்டம் வைத்து எல்லோருடைய கருத்தையும் கேட்கவேண்டும் என்று பகுதிச் சபை சொல்லிவிட்டது. கூட்டத்தில் எதிர்ப்பு வலுத்தாலோ, முறைப்பாடு தீராமல் கிடந்தாலோ அனுமதி இல்லை. தேர் கடலில் வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார், என் மகளின் படிப்பைக் கேட்டார், பிறகு விசயத்துக்கு வந்தார்.

“நீர் எங்கட பிள்ளை. பார்த்துச் செய்யும்.”

“மாஸ்டர், அந்தக் கதிரையிலை இருக்கேக்கை நான் ஒருத்தற்றை பிள்ளையும் இல்லை.”

“அப்ப ஆற்றை பிள்ளையெண்டு வீட்டை போய் யோசியும்,” என்று வைத்துவிட்டார். நான் வீட்டில் இருந்துதான் கதைத்தேன்.

மறுநாள் பகுதிச் சபையிலிருந்தும் அழைப்பு வந்தது. தமிழ்க் கோயில் விசயத்தை ஒரு தமிழ்ப் பெண் நடத்துவது பொருத்தமா என்று மிக நாகரிகமாகக் கேட்டார்கள். பெரிட் தொலைபேசியை வாங்கினார். இத்தனை வருடமும் தேவாலய விசயங்களைக் கிறிஸ்தவர்கள்தான் நடத்தினார்கள், அப்போது நீங்கள் அழைக்கவில்லையே என்றார். அதோடு அவர்கள் விட்டுவிட்டார்கள். நடத்துவது யார் என்று முடிவாகிவிட்டது. எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்வலத்துக்கு அனுமதி கிடைத்தால் நான் கோயிலின் ஆள். கிடைக்காவிட்டால் சொந்தச் சனத்தை விற்றவள்.

பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். நோர்வேக்காரர் நேரத்துக்கு முன்பே வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் நேரம் கடந்து வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் நடைபாதை. கோயில் பெண்கள் கொண்டுவந்த வடையை நோர்வேக்காரர் ஆளுக்கு ஒன்று எடுத்து, மிக நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். இரண்டாவது ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் அவர்களுடைய வாஃபிளுக்கும் அதேபோல் மரியாதை செய்தார்கள்.

முதலில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இளம் விரிவுரையாளர், பொது இடமும் சமய ஊர்வலமும் என்று பேசினார். நல்ல பேச்சு. ஆனால் படங்களில் இருந்தது வட இந்தியத் தேர். அது எங்கட தேர் இல்லை என்று வலப்பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்து, தேரின் கூம்பைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒரு தனி விவாதமாகிவிட்டது. அதை அடக்கிவிட்டு, பேச விரும்புகிறவர்களை அழைத்தேன். நோர்வேஜியத்தில் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதை நோர்வேஜியத்திலும் நானே சுருக்கிச் சொல்லவேண்டும்.

அப்போதுதான் அந்த ஆபத்து தொடங்கியது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

ஒரு நோர்வேஜியப் பெண் எழுந்து, பல்வேறு பண்பாடுகள் இந்தப் பகுதிக்கு வளம் சேர்க்கின்றன என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, அகதியாக வந்த எங்களுக்கு இடம் தந்த நோர்வேக்கு நன்றி என்றார். அடுத்தவர், உங்கள் பெண்களின் சேலைகள் மிக அழகான நிறங்கள் என்றார். அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து, உங்கள் மே பதினேழு தேசிய நாள் ஊர்வலமும் மிக அழகு என்று பதில் போனது. சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் எழுந்தார். “பேசிக்கலி இது ஒரு கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட் ஆப்பர்ச்சூனிட்டின்னு நான் ஃபீல் பண்றேன் மேடம்,” என்றார். மாஸ்டர் முன்வரிசையிலிருந்து, “பிள்ளை, இவர் சொன்னதை ஒருக்கால் தமிழிலையும் சொல்லும்,” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

இப்படியே ஒரு மணித்தியாலம் போனது. முறைப்பாடு செய்தவர்கள் யாரோ அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஆனால் முறைப்பாடு வாயைத் திறக்கவில்லை. நோர்வேக்காரருக்கு, வாய் திறந்தால் வெளிநாட்டவரைப் பிடிக்காதவர் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். எங்கள் ஆட்களுக்கு, கொஞ்சம் குரல் உயர்த்தினால் நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். இவர்கள் இப்படியே சிரித்துக்கொண்டு கலைந்து போவார்கள், திங்கட்கிழமை அனுமதி இல்லை என்ற செய்தி வரும், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். பெரிட் ஊசிகளை நூலோடு சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும் முன் அவர் அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை.

முக்காலியில் ஏறி நின்றேன்.

“இந்த ஊர்வலம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் கை உயர்த்துங்கள்,” என்று இரண்டு மொழியிலும் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. அப்படியென்றால் எதிர்ப்பு ஏதும் இல்லை என்று பகுதிச் சபைக்கு அறிவிக்கிறேன், கூட்டம் முடிந்தது, கோப்பி தயாராக இருக்கிறது என்று சொல்லிச் சுத்தியலைத் தூக்கினேன்.

இடப்பக்க ஓரத்தில் இரண்டு விரல் உயர்ந்தது.

ரைடார் என்று ஒரு கிழவர். ஊர்வலம் சுற்றிப்போன மாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். சுரங்க ரயில் திருத்தும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதுவரை மடியில் தொப்பியை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் என்பது பேசியவருக்குப் பதில், யாருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தனக்கு ஊர்வலத்தில் குறை ஏதும் இல்லை. மேளம் தனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தன்னிடம் ஒரு நாய் இருக்கிறது. தெருவெல்லாம் சிதறிக் கிடந்த தேங்காயை அது ஆசை தீரத் தின்றது. அதன்பிறகு… அவர் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. அதன்பிறகு, மின்தூக்கியில், ஏழாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் என்றார்.

இடப்பக்கத்தில் எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். எல்லோரும் அந்த மின்தூக்கியைப் பாவித்தவர்கள் என்று தெரிந்தது. வலப்பக்கம் என்னைப் பார்த்தது. இதை மேடையில் நின்று தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மரியாதையான சொல் ஒன்றும் வரவில்லை.

“அவற்றை நாய் எங்கட தேங்காயைத் திண்டு, அதுக்கு வயித்தாலை போயிட்டுதாம். லிஃப்டுக்குள்ளை.”

பிறகு மாஸ்டர் கையை உயர்த்தினார். சரியாக இரண்டு விரல். அவருடைய மடியில் தேர்த்திருவிழாவின் தத்துவம் பற்றிய நீண்ட உரை ஒன்று தயாராக இருந்தது எனக்குத் தெரியும். அதைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து, ரைடார் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“நாய்க்கு இப்ப எப்பிடி?”

மொழிபெயர்த்தேன். ரைடார் நிமிர்ந்து பார்த்தார். சுகமாகிவிட்டது, ஆனால் கொஞ்சம் பருத்துவிட்டது என்றார். மாஸ்டர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சம்.

அதற்குப் பிறகு மண்டபம் திறந்துகொண்டது. இரவுவேலை செய்யும் நோர்வேஜியத் தாதி ஒருவர், தன் படுக்கையறை யன்னலுக்குக் கீழே தவில் நின்று அடித்தது, அன்று தான் அழுதுவிட்டேன் என்றார். யன்னலுக்குக் கீழே நின்றது உண்மை, ஆனால் அங்கேதான் நிழல் இருந்தது என்று எங்கள் பக்கம் சொன்னது. எங்கள் பெண் ஒருவர் எழுந்து, நோர்வேக்காரரை விடுங்கள், தேங்காய்த் துண்டு தெறித்து என் பிள்ளையின் தள்ளுவண்டியில் விழுந்தது, நிர்வாகத்திடம் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை என்றார். நிர்வாகம் கேட்டது என்றது நிர்வாகம். அவர் இல்லை என்றார். வலப்பக்கம் வலப்பக்கத்தோடு சண்டை பிடிப்பதை இடப்பக்கம் முதல்முறையாக நிம்மதியோடு பார்த்தது. விரல்கள் எல்லாப் பக்கமும் எழுந்தன. எழுதிக்கொள்ள என் கை போதவில்லை. கடைசி வரிசையில் பையிலிருந்து ஊசிகள் வெளியே வந்திருந்தன.

தேங்காயைத் தெருவில்தான் உடைக்கவேண்டுமா என்று ரைடார் கேட்டார். உடைவதுதான் முக்கியம், தெரு முக்கியமில்லை என்றார் மாஸ்டர். அப்படியென்றால் பலகையால் பக்கம் உயர்ந்த ஒரு பெட்டி தான் செய்துதரலாம், சிதறாது, பிறகு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் ரைடார். எவ்வளவு உயரம் என்று மாஸ்டர் கேட்டார். இவ்வளவு என்று ரைடார் காட்டினார். காணாது, இன்னும் உயரம் வேண்டும் என்றார் மாஸ்டர். பெட்டியின் உயரத்தைப் பற்றியே இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். தாதியின் யன்னலைக் கடக்கும்வரை மேளத்தை நிறுத்தித் தேவாரம் மட்டும் பாடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். பாடினாலும் மெதுவாகப் பாடுங்கள் என்றார் தாதி. அதையும் மொழிபெயர்த்தேன்.

கோப்பை கழுவும்போது குறைக்காகக் காத்திருந்தேன். பெரிட் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், வடை மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். மிச்சம் இருக்கவில்லை.

அனுமதி வந்தது. தேரும் வந்தது.

அந்த வருட ஊர்வலத்தன்று வானம் வெளித்து வெயில் எறித்தது. ரைடார் நாயை மகளோடு நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிட்டு, தான் செய்த பெட்டிக்குப் பக்கத்தில் கையுறையோடு நின்றார். பெட்டி நன்றாக இருந்தது. ஆனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் உடைக்கவேண்டும், மற்றவர்கள் தள்ளி நிற்கவேண்டும் என்று அவர் கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தார். சாமி நிற்கும்போது எல்லாரும் சேர்ந்துதான் உடைப்பது, இது என்ன பஸ் வரிசையா என்று மாஸ்டர் கேட்டார். ஒருவர் தமிழிலும் மற்றவர் நோர்வேஜியத்திலும் கதைத்தார்கள். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே விளங்கிற்று. தேர் அசையாமல் நின்றது. பின்னால் சனம் நெரிந்தது. கைகளில் தேங்காயோடு ஒரு நீளக் கூட்டம்.

என்னை இருவரும் ஒரே நேரத்தில் கண்டார்கள். நான் மஞ்சள் சேலையோடு பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். ரைடார் என்னை நோக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

“பிள்ளை, வந்து இவருக்குச் சொல்லும்,” என்றார் மாஸ்டர்.

“இண்டைக்கு எனக்கு லீவு, மாஸ்டர்,” என்றேன்.

ரைடாருக்கும் அதையே அவருடைய மொழியில் சொன்னேன். பிறகு குனிந்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து தேர் வடத்தைப் பிடித்தேன். அவர்கள் இருவரும் எப்படியோ ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் தேங்காய்கள் உடையும் சத்தம் கேட்டது, தேர் நகர்ந்தது.